திமிரிக்குப் போன தோல்

1931ஆம் வருஷம் தை மாதத்தில், ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி நடத்திவந்த முக்தார் அகமதுவுக்குச் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. லண்டனில் தோல் விலை விழுந்துவிட்டது, மறுபடி எழுதும்வரை சரக்கு அனுப்ப வேண்டாம் என்று ஏஜெண்டு எழுதியிருந்தார். அந்த வாரமே பக்கத்தில் இரண்டு டேனரிகளை மூடிவிட்டார்கள்.

முக்தாரிடம் நாற்பத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். பதினெட்டு வருஷமாக அவருடைய சரக்கு முழுவதும் ஒரே ஏஜெண்டு வழியாகத்தான் சீமைக்குப் போயிற்று. நன்றாக நடந்தவரை அதில் ஆபத்து இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் காலை எல்லாரையும் முற்றத்தில் கூட்டிக் கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

"யாரையும் நிறுத்தப் போறது இல்ல. ஆனா வாரத்துல மூணு நாள்தான் வேலை தர முடியும். ரெண்டு மூணு மாசம் எப்பிடியும் தாங்குவேன். அதுக்குள்ள வேற வழி பாக்கணும். யாருக்கு இன்னா தோணுதோ சொல்லுங்க."

முதலாளி யோசனை கேட்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. தோலை ஊறவைக்க ஆவாரம்பட்டை இடிக்கும் தாயாரம்மாள்தான் முதலில் எழுந்தாள்.

"எங்க அம்மா ஊரு திமிரி, மொதலாளி. அங்க கெணத்துல மாடு கட்டிக் கவலை இறைக்கிறவங்க, தண்ணி மொள்ற சாலுக்கு அடியில தோல் குழாய் கட்டுவாங்க. வருஷா வருஷம் பிஞ்சிடும். பயிரு காயச்சொல்ல நல்ல தோலு கெடைக்காம அலைவாங்க. அத நாமளே செஞ்சா இன்னா?"

மேஸ்திரி தனகோடி தலையை ஆட்டினார். "ஆட்டுத்தோலு அதுக்குத் தாங்காது. எருமைத்தோலு வேணும். நமக்குப் பழக்கம் இல்லியே."

"ரெண்டே ரெண்டு தொட்டியில போட்டுப் பாப்போம்," என்றார் முக்தார். "கெட்டா அதோட போவட்டும்."

பங்குனி முடிவதற்குள் முதல் குழாய்கள் தயாராயின. கோடை தொடங்கிவிட்ட அவசரத்தில் முக்தார் தினமும் வந்து விரட்டினார். வண்டியேற்றித் திமிரிக்கு அனுப்பிய நாலாம் நாளே ஆள் வந்துவிட்டது. குழாய் கிழிந்துவிட்டதாம்.

முக்தார் தாமே புறப்பட்டுப் போனார். லோகநாதன் என்ற விவசாயி கிணற்றடியில் கோபமாக நின்றிருந்தார்.

"இன்னா பாய், ஒரு வயக்காடுகூட நனையல. அதுக்குள்ள வாயப் பொளந்துடுச்சே!"

முக்தார் மறுத்துப் பேசவில்லை. வேறு குழாய் தருவதாக வாக்குக் கொடுத்தார். பிறகு பக்கத்துக் கிணற்றில் மாடுகள் சரிவில் இறங்கி ஏறுவதையும், குழாய் உருளையின் மேல் மடங்கி வருவதையும் பொழுது சாயும்வரை உட்கார்ந்து பார்த்தார். மடங்கும் இடத்தில்தான் தம்முடைய தோல் வெடித்திருந்தது.

ஊர் திரும்பியதும் தனகோடி எதிரே வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. "என் தப்பு, மொதலாளி. என் கூலியில புடிச்சிக்கோங்க."

"சீக்கிரம், சீக்கிரம்னு ஒன்ன வெரட்டினது நானு. கூலிப் பேச்ச வுடு. தோலு மெத்துன்னு ஆவணும்னா எண்ணெய் இன்னும் எத்தினி நாளு ஊறணும்?"

"ஒரு வாரம்."

"ரெண்டு வாரம் எடுத்துக்க."

தனகோடியின் கண் கலங்கிவிட்டது. அந்த இரண்டு வாரமும் அவர் புங்க எண்ணெயைத் தம் கையாலேயே தோலில் தேய்த்தார்.

இரண்டாம் தடவை முக்தார் அவரையும் தாயாரம்மாளையும் கூடவே அழைத்துப் போனார். மாடுகள் இறங்கின, சால் ஏறியது, குழாய் மடங்கி விரிந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. காலை முழுவதும் இறைத்துப் பார்த்த லோகநாதன் கடைசியில் சிரித்தார். அக்கம்பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் அன்றைக்கே ஒன்பது குழாய் கேட்டார்கள்.

ஆடி மாதத்தில் வேலை ஐந்து நாளாயிற்று. சம்பத் மட்டும் ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை கிடைத்துச் சந்தோஷமாகப் போய்விட்டான். மற்ற நாற்பத்தொரு பேரும் இருந்தார்கள்.

அடுத்த வருஷம் ஏஜெண்டு மறுபடி எழுதினார்: விலை தேறுகிறது, முழுச் சரக்கையும் அனுப்பலாம். முக்தார் பாதியை மட்டும் அனுப்பினார். மீதித் தொட்டிகளில் எருமைத்தோல் ஊறிக்கொண்டிருந்தது. திமிரிப் பக்கத்து ஆர்டர்களைக் கவனிக்கும் பொறுப்பு இப்போது தாயாரம்மாளுடையது.

"ஊருக்குப் போனா ஒரு வாய் சோறு துன்ன வுட மாட்டேங்கிறாங்க, மொதலாளி," என்று ஒருநாள் அவள் குறைப்பட்டுக்கொண்டாள். "எனுக்கு எப்ப, எனுக்கு எப்பன்னு ஒரே பேஜாரு."

அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை தாங்கவில்லை.