ஒண்ணாந்தரம் பொன்னுராஜ்

எழுபத்தெட்டாம் வருசம், ஐப்பசி. போடி பஜார்ல ஏலக்கா கடை வச்சிருந்த ஆதித்தன் நாலு பயலுகளக் கூட்டிக்கிட்டு குரங்கணிலருந்து கொழுக்குமலை ஏறுனான். வடக்க எங்கயோ பத்து நா மலையேத்தம் படிச்சிட்டு வந்தவனாம். கழுத்துல விசிலு, கையில நோட்டு, எவரெஸ்ட்டுக்கே போற நெனப்பு.

மூட்டை தூக்கப் போனது மலையம்மா. வாரத்துக்கு மூணு தடவ எஸ்டேட்டுக்கு அரிசி சுமந்து ஏறுறவ.

வளைவுக்கு வளைவு ஆதித்தன் பயலுகள உக்கார வச்சு, வரக்காப்பி குடுத்து, மூச்சு அடங்குனப்பறம் நாடி பிடிப்பான். "மனசு எப்டிடா இருக்கு?"

"நல்லாருக்கு அண்ணாச்சி!"

ஏலக்காயத் தரம் பிரிக்கிற மாதிரி ஒண்ணாந்தரம், ரெண்டாந்தரம்னு நோட்டுல போடுவான். ஒண்ணாந்தரத்துக்கு மட்டுந்தான் அடுத்த வருசம் இமயமலையாம். அப்பறம் எவன் முடியலம்பான்? உக்கார வச்சு காப்பி குடுத்தா கழுதைக்குக்கூட நாடி நல்லாத்தான் ஓடும். மலையம்மாளுக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துச்சு.

உச்சிக்குக் கிட்டப் போகையில மழையும் மஞ்சும் மூடிருச்சு. சுமைக்காரவுக வழக்கப்படி மலையம்மா பின்னாலருந்து ஒவ்வொருத்தனாக் கூப்புட்டா. மூணு பேரு குரல் குடுத்தாய்ங்க. ரேடியோ கடைக்காரர் மகன் பொன்னுராஜ் குடுக்கல. ஓடிப் போயிப் பாத்தா, நனஞ்ச சட்டையில பித்தானக் கழட்டி விட்டுட்டு, தானாச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறான்.

"மொதலாளி, பயலுக்கு ஒடம்பு வெறச்சுப்போச்சு. கீழ சுமைக்காரவுக கொட்டகைக்கு எறக்கணும்."

ஆதித்தன் நோட்டப் பொரட்டுனான். "அரைமணிக்கு முன்னாடி நாடி எழுவத்திரெண்டும்மா, ஒண்ணாந்தரம். நடுக்கங்கூட நின்னுருச்சு பாரு."

"செத்தவனுக்கும் நடுங்காது மொதலாளி."

"ஒனக்கு நாடி பாக்கத் தெரியுமா?"

"எண்ணத் தெரியாது. கண்ணு தெரியும்."

அவன் பதிலுக்கு அவ நிக்கல. ஆதித்தனோட கூடார மூட்டைய அங்கனயே போட்டா. பயலுகள விட்டு பொன்னுராஜோட ஈரச் சட்டைய உருவி, கம்பளியும் சாக்கும் சுத்தி, ஆளுக்கொரு பக்கம் தூக்கச் சொன்னா.

கொட்டகையில தீ மூட்டி, பொன்னுராஜ நடுவுல உக்கார வச்சு ஒட்டிக்கிட்டே இருந்தாக. "ஒங்காத்தா பேரென்னடா?" மலையம்மா விடாமக் கேட்டா. நாலு தடவ மொனகல்தான். அஞ்சாந்தடவ, "ஞானபாக்கியம்." அதுக்கப்பறம் கிடுகிடுன்னு நடுங்க ஆரம்பிச்சான். அவளுக்கு உசுரு வந்துச்சு. சுடுதண்ணியில சீனியக் கரைச்சு மடக்கு மடக்காக் குடுத்தா.

ஆதித்தன் மெல்ல வந்து அவன் கையப் பிடிச்சான். "மனசு எப்டிடா இருக்கு?"

"முடியல அண்ணாச்சி. காலைலருந்தே முடியல."

"எனக்குந்தான்," ஒருத்தன். "குரங்கணிலயே எனக்கு நெஞ்சு அடச்சுச்சு," இன்னொருத்தன். மூணாமத்தவன் பொலபொலன்னு அழுதுட்டான்.

மலையம்மா வெத்தலச் சாற வாசல்ல துப்பிட்டு வந்து, ஆதித்தன நகந்து உக்காரச் சொல்லி அடுப்ப ஊதுனா.