அடங்கிப்போன வாசனை

அப்பா கைக்குப் போனதும் சுண்டு வீட்டையே இரண்டாக்கிவிடுவாள். கைக்குழந்தைக்கு அத்தனை குரல்!

"பெத்த அப்பனைப் பார்த்து அழற மாதிரியா இருக்கு? ஊசி போடுற டாக்டரைப் பார்த்த மாதிரில்ல அழறா!" என்று மனைவி சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான். உள்ளே சுருக்கென்றது. அடுத்த வாரம் அவள் வேலைக்குத் திரும்புகிறாள். விடுப்பு எடுத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போவது அவன்தான்.

ஆய்வுக்கூடத்து மருந்து நெடி பிள்ளையை அண்டக்கூடாதென்று, வீட்டுக்கு வந்ததும் தன் கையிலிருந்து கழுத்துவரை வாசனைச் சோப்பைப் போட்டுத் தேய்த்துக்கொள்வான். சுண்டு அழ அழ, நெடி இன்னும் போகவில்லையென்று மறுநாள் இன்னும் தேய்த்துக்கொள்வான்.

இத்தனைக்கும் அவன் வேலையே வாசனைதான். எலி மூளையின் முன்நுனியில், வாசனைகளைப் பிரித்தறியும் ஒரு குமிழ் இருக்கிறது. அதை மெல்லிய சீவலாக நறுக்கி, இரண்டு செல்களில் முடியைவிட நுண்ணிய கண்ணாடி ஊசிகளை வைத்து, அவை துடிப்பதைத் திரையில் பார்ப்பான். அன்று ஒரு செல்லைத் தூண்டினான். அது படபடத்தது; பக்கத்துச் செல் சட்டென்று அடங்கியது. இடையில் இருக்கும் குட்டிச் செல்களின் வேலை அது. உரக்கக் கத்துகிற செல்லிடம் சேதி வாங்கி, அதையும் ஒரு தட்டுத் தட்டி, அக்கம்பக்கத்தையும் "உஷ்" என்று அடக்கிவிடும். ஒரு வாசனை இன்னொன்றோடு குழம்பாமல் இருப்பது இதனால்தான். ஆனால் கத்துகிறவன் பலசாலியாக இருந்துவிட்டால், மெல்லப் பேசுகிறவன் பாடு திண்டாட்டம்.

அவன் கை அப்படியே நின்றது.

"என்னண்ணா, பேயறைஞ்ச மாதிரி உக்கார்ந்திருக்கீங்க? நல்லாத்தானே வருது?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"என் சோப்பும்மா! என்னை வாய் திறக்கவிடாம அதுதான் கத்திக்கிட்டு இருக்கு. என் பொண்ணுக்கு என் வாசனை எப்படித் தெரியும்?"

விஷயத்தைக் கேட்டதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்கு மூளையை நறுக்கணுமா? அண்ணிகிட்ட கேட்டிருக்கலாமே!"

அன்று மாலை மணமில்லாத சோப்பால் கையை மட்டும் கழுவினான். முந்தின இரவு போட்டுத் தூங்கிய பனியனை மாட்டிக்கொண்டு சுண்டுவைத் தூக்கினான். அவள் முகம் கோணியது, வாய் திறந்தது. மூக்கு அவன் கழுத்தில் முட்டியது. இரண்டு முறை சுருங்கி விரிந்தது. திறந்த வாய் கொட்டாவியாக முடிந்தது.

சுண்டு அவன் தோளிலேயே தூங்கி அரைமணி ஆனபின், மனைவி அருகில் வந்து மூக்கைச் சுளித்தாள். "ஐயே, வேர்வை நாறுது. போய்க் குளிங்க."

"மெதுவாப் பேசு," என்றான். கை மரத்துப்போயிருந்தது. அவன் அசையவில்லை.