காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர்

அந்தப் பொய்யை எழுதி முடிக்க ஜானுவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. '22-3-76 அன்று தகவல் அனுப்பப்பட்டது. மூன்று வேலை நாட்களுக்குள் பதில் இல்லை. அடுத்தவருக்கு ஒதுக்கப்பட்டது.' நீல மையில், எப்போதும் போலச் சாயாத குண்டு எழுத்து. பேனாவை மூடி, பதிவேட்டையும் மூடி வைத்தாள்.

நந்தனத்தில் ஓர் அரசாங்கக் கம்பெனியின் மெட்ராஸ் அலுவலகத்தில் அவள் நலப் பிரிவு குமாஸ்தா. வீட்டில் ஜானு, ஆபீசில் ஜானகி. கம்பெனிக்குக் கொடைக்கானலில் நாலு அறை கொண்ட ஓய்வு இல்லம் ஒன்று இருந்தது. ஊழியர்கள் குடும்பத்தோடு போய் ஒரு வாரம் தங்கலாம். மே மாதத்துக்குக் கிண்டித் தொழிற்சாலையிலிருந்து மட்டுமே இருநூறு மனு வந்து குவியும். அதனால் பிப்ரவரியில் கேன்டீன் ஹாலில், யூனியன்காரர்கள் முன்னிலையில், பிஸ்கட் டின்னில் பெயர்ச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். ஒவ்வொரு வாரத்துக்கும் முதலில் வரும் நாலு பெயருக்கு அறை. அடுத்து வருகிறவர்கள் வெயிட்டிங் லிஸ்ட் ஒன்று, இரண்டு, மூன்று. அறை கிடைத்தவர் யாராவது 'வரவில்லை' என்று எழுதிக் கொடுத்தால், லிஸ்டில் முதல் ஆளுக்கு ஜானு தகவல் சீட்டு அனுப்புவாள். மூன்று வேலை நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அறை இரண்டாம் ஆளுக்குப் போய்விடும். முதல் ஆள் லிஸ்டின் கடைசிக்கு இறங்கிவிடுவான். ஏழு வருஷமாக இந்த ஒதுக்கீட்டுப் பதிவேடு அவள் கையில் இருந்தது. அதில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

மே பத்தாம் தேதி வாரத்துக்கு மூன்றாம் நம்பர் அறை காலியானது. வெயிட்டிங் லிஸ்டில் முதல் பெயர் கருணாகரன், லேத் ஆப்பரேட்டர். இரண்டாவது பெயர் அய்யாதுரை, நிர்வாக அதிகாரி. ஜானுவுக்கு மேலதிகாரி.

"கருணாகரனுக்குத் தகவல் போச்சு, பதில் வரலைன்னு எழுதிருங்கம்மா," என்றார் அய்யாதுரை. "என் சகலை குடும்பத்தோட மெட்ராஸ் வாரான். அழைச்சிட்டுப் போறேன்னு வாக்குக் குடுத்திட்டேன்."

"சார், சீட்டே இன்னும் அனுப்பலை."

"அனுப்ப வேண்டாம்னுதான் சொல்லுதேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. மேஜை மேல் கிடந்த ஒரு பட்டியலைப் புரட்டிக்கொண்டே பேசினார். நெருக்கடி நிலை வந்து ஒன்பது மாதமாகியிருந்தது. பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தவர்களெல்லாம் இப்போது ஒன்பதே முக்காலுக்கே நாற்காலியில் இருந்தார்கள். கணக்குப் பிரிவில் மூன்று பேரைக் காரணம் சொல்லாமல் கட்டாய ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். யார் யாரை அனுப்பலாம் என்ற குறிப்பு அய்யாதுரை மூலமாகத்தான் மேலே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஜானு அந்தப் பட்டியலைப் பார்த்தாள். பிறகு இருக்கைக்குத் திரும்பி வந்து எழுதினாள்.

அன்று சாயங்காலமே பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். கணவர் சுந்தரராமன் நாலைந்து பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவந்தார். குடும்பம் ஓடுவது ஜானுவின் வேலையால்தான். அவர் ரசத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மோர் விட்டுக்கொண்டார்.

ஏப்ரல் முதல் வாரம் கருணாகரன் நலப் பிரிவு ஜன்னலுக்கு வந்தான். நாற்பது வயசிருக்கும். எண்ணெய்க் கறை போகத் தேய்த்துக் கழுவிய கைகளை ஜன்னல் கட்டையில் படாமல் வைத்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, ஒண்ணாம் நம்பர்னு சொன்னீங்க. நோட்டீஸ் போர்டுல அந்த வாரத்துக்கு ஐயா பேரு போட்டிருக்கு. நமக்கு ஏதாச்சும் நகருமா?"

"அது ஆபீசர் கோட்டா. வேற கணக்கு," என்றாள் ஜானு. அப்படி ஒரு கோட்டா கிடையவே கிடையாது.

"அப்படிங்களா. சரிம்மா." அவன் நம்பிவிட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் அவளும் பதிலுக்குக் குரல் உயர்த்தியிருக்கலாம். அவன் போன பிறகு வெகுநேரம் ஜன்னல் கதவை மூடியே வைத்திருந்தாள்.

பத்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, பியூன் கபாலி தேநீர் டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து சொன்னான்: "மேடம், வாசல்ல புகார்ப் பெட்டி கீதுல்ல, அத்த நேத்து தொறந்தாங்க. திங்கக்கெழம பம்பாய்லேர்ந்து விஜிலன்ஸ் ஆபீசர் வராராம். வெல்ஃபேர் ரெஜிஸ்டருங்க அல்லாத்தியும் எடுத்து வெக்கச் சொல்லிக்கினு கீறாங்க."

ஜானு டம்ளரைத் தள்ளி வைத்தாள். கருணாகரன் புகார் எழுதிப் போட்டுவிட்டான் என்று நினைத்தாள். அந்த வரியின் நீல மை கண் முன்னால் பெரிதாகிக்கொண்டே வந்தது.

மத்தியானம் அய்யாதுரை கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"தகவல் சீட்டு கெடைச்சுதுன்னு அவன் கையெழுத்து ஒண்ணு வேணும். பழைய தேதி போட்டு. இல்லைன்னா பதிவேட்டுல இருக்கிறது வெறும் பேச்சு."

"நீங்க சொல்லித்தானே சார் எழுதினேன்."

"எங்க சொன்னேன்?" அவர் உண்மையிலேயே கேட்பதுபோல் கேட்டார். "என் எழுத்து எதுலயாவது இருக்கா? உங்க கையெழுத்துதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்குப் போயி வாங்கிட்டு வந்திருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

அந்த இரண்டு ராத்திரியும் அவள் தூங்கவில்லை. தெருவில் சைக்கிள் மணி அடித்தாலே யாரோ கடிதம் கொண்டுவருவதுபோல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மேற்கு மாம்பலத்துக்குக் கிளம்பினாள். கைப்பையில் அவளே தட்டச்சு செய்த சீட்டு: 'ஒதுக்கீட்டுத் தகவல் 22-3-76 அன்று பெற்றுக்கொண்டேன்.'

ரயில்வே லைனைத் தாண்டி, குறுகலான சந்து ஒன்றில், ஆறு குடித்தனம் இருந்த வீட்டின் பின்கட்டில் கருணாகரன் குடியிருந்தான். ஒன்றரை அறை. குறுக்கே பழைய புடவை ஒன்றைக் கட்டித் தடுத்திருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் இருமிக்கொண்டிருந்தார். அவன் தம்பி குடும்பமும் அங்கேதான். அவன் மனைவி தேவானை ஜானுவைப் பார்த்ததும் பாயை உதறிப் போட்டாள்.

"ஆபீஸ்லேர்ந்து வர்றீங்களா? கொடைக்கானல் ஜன்னல் அம்மாவா?" என்றாள். முகம் சட்டென்று மலர்ந்தது. "ரூம் வந்திருச்சா?"

"அவர் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள் ஜானு.

"பாலுக்குப் போயிருக்காரு. உக்காருங்க." தேவானை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தடுப்புப் புடவையை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலை இறக்கிக்கொண்டாள். "மூணு வருஷமா எழுதிப் போடுறாரு. மலை, ஏரின்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். நாங்க ரெண்டு பேரும் என்ன பேசினாலும் இந்த வீட்டுல ஒம்பது பேருக்குக் கேக்கும். அங்க ஒரு ரூமு, உள்பக்கம் தாப்பா இருக்கும்னாரு. ஏழு நாள். அது போதும்னு நெனச்சேன்." சொன்ன பிறகு வெட்கம் வந்து, எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஜானு கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடினால் நாளைக்கு என்ன ஆகும் என்ற பயம் அவளை உட்கார வைத்திருந்தது. அதற்குள் கருணாகரன் வந்துவிட்டான். வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டான்.

"ஒரு கையெழுத்து வேணும்," என்றாள் ஜானு. "ஆபீஸ் ரெக்கார்டுக்கு."

"அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? ஜன்னல்ல கூப்பிட்டிருந்தா போட்டிருப்பேனே." சீட்டை வாங்கினான். படிக்கவில்லை. சுவரில் வைத்து நீவினான். "எங்க போடணும்?"

பேனா முனை தாளில் படப்போன நேரத்தில் ஜானு எட்டிச் சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே புரியவில்லை.

"போடாதீங்கோ. அது பொய். ரூம் உங்களுக்குத்தான் வந்தது. நான் சீட்டு அனுப்பலை. அனுப்பினதா எழுதிட்டேன். கோட்டான்னு சொன்னதும் பொய்தான். நீங்க புகார் குடுத்துட்டேள், நாளைக்கு அதுக்குத்தான் விசாரணைன்னு பயந்துண்டு வந்தேன்."

தடுப்புக்குப் பின்னால் இருமல்கூட நின்றுவிட்டது. ஒன்பது பேரும் கேட்டிருப்பார்கள்.

கருணாகரன் சீட்டை இப்போதுதான் படித்தான். மெதுவாக, எழுத்துக் கூட்டுவதுபோல். "நான் புகார் எதுவும் எழுதலைங்க," என்றான்.

"இவர் இதுல கையெழுத்துப் போட்டா உங்க வேலை தப்புமா?" என்று தேவானை கேட்டாள்.

"தப்பும்."

"அப்ப எதுக்குச் சொன்னீங்க?"

ஜானு சீட்டை வாங்கக் கை நீட்டினாள்.

கருணாகரன் பேனாவை மறுபடி எடுத்தான். "வேணும்னா போட்டுத் தரேம்மா. ரூமு போனா போவுது. வேலை போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

தேவானை அவனை ஒரு பார்வை பார்த்தாள். வேண்டாம் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. ஜானு சீட்டை வாங்கி நாலாக மடித்தாள். பால் கொதித்து வழிகிற சத்தம் கேட்டது. காபி குடிக்காமலே வெளியே வந்து, லைனைத் தாண்டி, தி.நகர் பஸ் நிலையம் வரைக்கும் எங்கே நடக்கிறோம் என்று தெரியாமல் நடந்தாள்.

வீட்டில் சுந்தரராமன் பிள்ளைகளை அனுப்பிவிட்டுச் சுருதிப்பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். அவரிடம் முழுவதையும் சொன்னாள்.

"ஏன்னா, வேலை போயிடுமோ," என்றாள்.

"போனாலும் போகும்." அவர் காபியை ஆற்றினார். டவராவில் பாதி கீழே சிந்தியது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு ஜானு. நீ போய்ச் சொல்லிட்டு வா. இதை ஆத்துக்குள்ள வெச்சுண்டு நம்மால இருக்க முடியாது."

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு விஜிலன்ஸ் அதிகாரியின் அறைக்குள் போனாள். கூப்பிட்டு அனுப்பவில்லை, தானாகப் போனாள். வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி, முன்னால் அடுக்கடுக்காகக் கோப்புகள். பதிவேட்டை அந்தப் பக்கத்தில் திறந்து வைத்து, வரியைக் காட்டி, யார் சொல்லி எழுதினேன், எப்போது எழுதினேன் என்று தெரிந்த ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொன்னாள். கையெழுத்தில்லாத அந்தச் சீட்டையும் பிரித்து வைத்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வந்தது நலப் பிரிவு கேன்டீனுக்குப் பாத்திரம் வாங்கிய விஷயமாக," என்றார். "இந்தப் பதிவேட்டைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் வரவில்லையே."

யாரும் கேட்கவில்லை. யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்த மனிதர் சாயங்கால விமானத்தில் போயிருப்பார். ஜானு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போது வந்துவிட்டது," என்று சொல்லி அவர் ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "எழுதிக் கொடுங்கள்."

பிறகு மூன்று வாரம். பழுப்பு நிற அரசாங்க உறையைக் கண்டாலே தன் பெயர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். பக்கத்து இருக்கைக்காரர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அய்யாதுரை வராந்தாவில் எதிரே வந்தால் நின்று அவள் கடந்து போகும் வரை பார்ப்பார். அவள் சுவரோரமாக நடந்தாள். காலை ஒன்பதே முக்காலுக்கு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாலும் ரவிக்கை வியர்வையில் நனைந்துவிடும். ஒருநாள் படியில் கால் தவறி உட்கார்ந்துவிட்டாள். கபாலிதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

உத்தரவு மே மாதம் நாலாம் தேதி வந்தது. வேலை போகவில்லை. தவறான பதிவுக்காகப் பணிப் புத்தகத்தில் கண்டனம். மூன்று வருஷத்துக்குப் பதவி உயர்வு கிடையாது. எண்ணூர்க் கிடங்குக்கு மாற்றல். அய்யாதுரைக்கு வாய்மொழி எச்சரிக்கை. அவர் அதே அறையில், அதே நாற்காலியில் இருந்தார். மே பத்தாம் தேதி வாரத்துக்கு மூன்றாம் நம்பர் அறை கருணாகரனுக்கு மாற்றப்பட்டது. அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டியது ஜானு இல்லை. அவள் பார்க்கவும் போகவில்லை. கருணாகரன் மத்தியான இடைவேளையில் ஜன்னலுக்கு வந்தான்.

"சனிக்கிழமை ராத்திரி வண்டிம்மா. எங்க வீட்டுல சொல்லச் சொன்னா." என்ன சொல்லச் சொன்னாள் என்று அவன் சொல்லவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டுப் போனான்.

பதிவேட்டை வாங்கிக்கொள்ள வந்தவள் நஸ்ருன்னிசா. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜானு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, குலுக்கல், வரிசை எண், மூன்று வேலை நாள் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

"தகவல் சீட்டு ஒவ்வொண்ணுக்கும் வாங்கிண்டவா கையெழுத்து வேணும். அது வராம அடுத்த பேருக்குப் போகாதே. யாராவது வாயால சொன்னா, எழுதிக் குடுங்கோன்னு கேளு."

"எழுதித் தர மாட்டேன்னு சொன்னா, மேடம்?"

வராந்தாவில் அய்யாதுரையின் செருப்புச் சத்தம் கேட்டது. ஜானுவின் தோள்கள் தானாகக் குறுகின. சத்தம் கடந்து போகும் வரை காத்திருந்தாள்.

"அப்போ பயமாத்தான் இருக்கும். எனக்கு இப்பவும் இருக்கு. பயந்துண்டே எழுதாம இருந்துடு."

நஸ்ருன்னிசா தலையாட்டினாள். ஜானு சாப்பாட்டுப் பாத்திரத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மறுநாள் எண்ணூருக்கு விடிகாலையிலேயே ரயில் பிடிக்க வேண்டியிருந்தது.