நேரில் செய்வது போலவே

ரேணுகாம்பாள் மிஸ் ஹெட்செட்டின் பட்டையை இறுக்கியபோது, அறிவுமதியின் மடித்துக் கட்டிய இரட்டை ஜடையில் அது சிக்கிக்கொண்டது. "ஆடாம நில்லுடி. சொன்னது நாபகம் இருக்குல்ல? 'நேர்ல செய்யற மாதிரியே இருக்குது.' அவ்ளோதான், ஜாஸ்தி பேசாத."

அறிவுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வுக்கு இன்னும் ஒன்பதே நாள். பள்ளியின் லேப் உதவியாளர் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை, கண்ணில் மாட்டினால் லேபையே கண்முன் காட்டும் பத்து விஆர் ஹெட்செட்டுகள் வந்தன. இனி லேப் எதற்கு என்று சாத்திவிட்டார்கள். முதல் வாரம் வகுப்புக்கே தலைகால் புரியவில்லை. அதில் நீந்தி வந்த சுறாவைப் பார்த்து அலறிய பிரசாத், மறு மாதமே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தூங்கப் பழகிவிட்டான். முகம்தான் மூடியிருக்கிறதே, மிஸ்ஸுக்கு எப்படித் தெரியும்? அறிவுமதி தூங்கவில்லை. அதில் தெரிந்த பொய்யான பியூரெட் குழாயிலிருந்து பதினோரு முறை சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தாள். பதினோரு முறையும் குடுவை சரியாக ரோஸ் நிறமானது, காதில் கைதட்டல் கேட்டது. ஒரு தடவையாவது தப்பாகப் போக வேண்டாமா? தேர்வில் நிஜக் குழாயைக் கையில் கொடுத்து, ஒரு சொட்டு கூடிப்போனால் எவன் கைதட்டுவான்? அங்கே மதிப்பெண் போனால் வேளாண் கல்லூரி போச்சு. அவள் ஆசைப்பட்ட ஒரே படிப்பு அது.

ஹெட்செட் கொடுத்த கம்பெனியிலிருந்து படம் பிடிக்க வந்திருந்த எழில், ஜன்னலில் மலை தெரியும்படி அவளை நிறுத்தியிருந்தார். "எப்டிம்மா இருக்குது?"

"நேர்ல..." ஹெட்செட்டைக் கழற்றினாள். "நேர்ல எப்டி இருக்கும்னு தெரியாது சார். நாங்க ஒரு நாள்கூட லேபுக்குள்ள போனதில்ல."

மிஸ்ஸின் முகம் சுண்டிவிட்டது. எழில் சிரித்து மழுப்பினார். "பரவால்ல, கட் பண்ணிக்கலாம். வேற பொண்ண நிக்க வைங்க மேடம்."

மிஸ் ஹெட்செட்டைப் பிடுங்கி, முன் பெஞ்சில் இருந்த கீர்த்தனாவுக்கு மாட்டினார். "நீ வெளிய போ. அப்புறம் வெச்சுக்கறேன்."

கட் பண்ணிவிட்டால் ஆயிற்றா? அறிவுமதி வராந்தாவுக்கு வந்தாள். பக்கத்து அறைதான் லேப். கீர்த்தனா பேச வாயைத் திறந்த நேரத்தில், அதன் சாத்திய கதவில் ஓங்கி அடித்தாள்.

"யாருப்பா அது? சவுண்டு வருது" என்று எழில் கத்தினார். மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி அடித்தாள், இரண்டு கையாலும். உள்ளங்கை எரிந்தது, அழுகை வந்தது, நிறுத்தவில்லை. மிஸ் அவளைப் பிடிக்க வராந்தாவுக்கு ஓடிவந்தார்.

வகுப்பின் வாசல் வழியே கீர்த்தனா தெரிந்தாள். "நேர்ல" என்றவள் அதற்கு மேல் சொல்லவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருக்க, ஹெட்செட் மூடிய முகத்தை லேப் பக்கம் திருப்பி அப்படியே நின்றாள்.