பொட்டு விழாத குழிகள்

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட் கோழிக்கடையில் தினம் ஒரு குழாய் ரத்தம் வாங்கி வருவது, சாமான் கழுவுவது, இரண்டும் ஆய்வுக்கூடத்தில் என் வேலை. சுபாஷிணி மேடம் பிளாஸ்டிக் ப்ளேட்டின் தொண்ணூற்றாறு குழிகளில் ஃப்ளூ வைரஸை ஊற்றி, மேலே ரத்த அணுவை விடுவார்கள். அணுவின் தோல்மேல் சர்க்கரை முளைத்திருக்குமாம். வைரஸ் அதைத்தான் பிடிக்கும். மனுஷன் தொண்டையிலும் அதே பிடிதான். பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகும். வைரஸ் பிடித்தால் அணுக்கள் ஒன்றோடொன்று கோத்துக் குழி முழுக்கப் பாயாக விரியும். பிடிக்காவிட்டால் அடியில் சரிந்து சிவப்புப் பொட்டாக உட்காரும்.

தொண்ணூற்றெட்டு மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாக் குழியிலும் பொட்டு. சனிக்கிழமையும் பொட்டு.

ஆய்வுக்கூடத் தலைவர் நல்லசிவம் சார் எட்டிப் பார்த்தார். "உன் வைரஸ் செத்துப்போச்சும்மா. திங்கக்கிழமை பாட்டிலை எல்லாம் அவிச்சுக் கொட்டிடு. புதுசா ஆரம்பி."

எட்டு மாதம் முட்டைக்குள் வளர்த்த வைரஸ். சார் போன பிறகு மேடம் ப்ளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சர்க்கரையை வெட்டின ப்ளேட் மாதிரியே இருக்கு, பையா" என்றார்கள். மயூர் விஹாரில் பிறந்த பெண். அண்ணன் என்று வாயில் வராது, இந்தி 'பையா'தான்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரம்தான் ஒரு மருந்து ஊற்றி அணுவின் சர்க்கரையை வெட்டிப் பார்த்திருந்தார்கள். சர்க்கரை இல்லாவிட்டால் வைரஸுக்குப் பிடி இல்லை. அந்த ப்ளேட்டுகளைத் தனியாக ஊறவைத்துக் கழுவச் சொல்லியிருந்தார்கள். எங்களிடம் ப்ளேட்டை எறிவதில்லை, கழுவிக் கழுவித்தான் ஓட்டுவோம். ஆனால் குழாயில் தண்ணீர் இல்லை. டேங்கரிலிருந்து இரண்டு மாடி ஏற்றியது மூன்று வாளி. இடுப்பு விட்டுப்போயிற்று. எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் அலசிக் கவிழ்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை அந்த பாட்டில்களை அவிக்க வைப்பதும் என் கைதான்.

"மேடம், மருந்து ப்ளேட்டையும் மத்ததையும் ஒண்ணாத்தான் கழுவுனேன்."

"அச்சா... ஒரே தண்ணியிலயா?"

"ஒரே தண்ணி. அதுவும் ஒரு தடவதான்."

"துளி ஒட்டிண்டிருந்தாலே போதும், புது ரத்தத்தோட சர்க்கரையையும் வெட்டிடும். நேத்தே சொல்லப்படாதா, பையா?"

"நேத்து எனக்கே தோணலியே, மேடம்."

சார் பூட்டிவைத்திருந்த புது ப்ளேட் ஒன்றைச் சாவி வாங்கி எடுத்தார்கள். ஊற்றியானதும் மேஜை அதிரக் கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டு வராந்தாவுக்கு வந்தோம். முக்கால் மணி நேரம். டிபன் டப்பா மூடியில் பாதி எலுமிச்சை சாதத்தை வைத்து என் பக்கம் தள்ளினார்கள்.

"வைரஸ் நெஜமாவே செத்திருந்தா?" என்றேன்.

"அப்ப உங்களைத் திட்டிக்கலாம். சாப்பிடுங்கோ."

உள்ளே போய்க் குனிந்து பார்த்தோம். முதல் குழியில் பாய். இரண்டாவதில் பாய். வரிசைக் கடைசியான எட்டாவது வரை பாயாக விரிந்து கிடந்தது.

"பிடிச்சிண்டிருக்கு" என்றார்கள், மெதுவாக, மேஜையை அசைத்துவிடுவோமோ என்பதுபோல.

திங்கட்கிழமை அவிக்க எதுவும் வரவில்லை. மருந்து ப்ளேட்டுக்கென்று ஒரு சிவப்பு வாளி வந்தது. 'சர்க்கரை வெட்டினது' என்று அதன்மேல் நானே எழுதினேன். கொஞ்சம் சாய்ந்துதான் விழுந்தது. தண்ணீர் இன்னும் டேங்கரில்தான் வருகிறது. இப்போது நாலு வாளி ஏற்றுகிறேன்.