வியாழக்கிழமை காணாம போற ஆடு

செத்துக் கெடந்த புருஷன் தலைக்கு அம்சவல்லி எண்ணெ வச்சிக்கினு இருக்கும்போதே வாசல்ல ரெண்டு ஜீப்பு வந்து நின்னுச்சி. மாலையோட எறங்குனவங்கள்ல ஒரு மூஞ்சிகூட அவளுக்குத் தெரியல. சொந்தக்காரங்க இல்ல, புதூர்நாட்டு மலை ஆளுங்களும் இல்ல.

"யார்றா இவங்க?"ன்னு தம்பி கோபால்சாமிய கேட்டா.

"மாமா பேச்ச கேக்குறவங்களாம்க்கா."

"யாரு பேச்ச?"

புருஷன் தாண்டவராயன் வாயத் தொறந்து நாலு வார்த்த சேந்தாப்ல பேசி அவ பாத்ததே இல்ல. கஞ்சில உப்பு இல்லன்னா ஊறுகாய இழுத்து வச்சிக்குவாரு, அவ்ளோதான்.

ஒரு பொண்ணு வந்து பக்கத்துல குந்துச்சி. "அம்மா, நான் கீதாஞ்சலி. திருப்பத்தூர்ல பாட்காஸ்ட் பண்றேன். ஃபோன்லயே கேக்குற ரேடியோ மாதிரி. ஐயா அந்த காலத்துல ரேடியோவுக்கு ஃபோன் போட்டு பேசுவாராமே? என் நிகழ்ச்சில ரெண்டு வருஷமா பேசுனாரு. வியாழக்கிழமை ஆனா சிக்னல் பாறையிலேந்து கூப்புட்ருவாரு."

வியாழக்கிழமை ஆனாதான் ஒரு ஆடு காணாம போகும். தேடினு வரேன்னு கெளம்புவாரு. அவளும் ரெண்டு வருஷமா ஆட்டத்தான் திட்டிக்கினு இருந்தா.

வாணியம்பாடி மஜீத்துன்னு ஒரு பெரியவரு, கண்ணத் தொடச்சிக்கினே சொன்னாரு. "மனசுல வச்சிக்காதீங்க, வூட்ல பேசுங்கன்னு அவரு சொல்லித்தான் தங்கச்சி, எறந்துபோன எங்க புள்ளயப் பத்தி நானும் என் சம்சாரமும் பேசுனோம். உங்க கல்பனா பாப்பா கதைய அவரு சொன்னப்ப..."

அம்சவல்லி கை நின்னுபோச்சி.

அந்தப் பேர வூட்ல எடுத்தா எழுந்து வெளிய போய்டுவாரு. முப்பது வருஷம். காய்ச்சல்ல துவண்ட புள்ளய தோள்ல போட்டுக்கினு அவருதான் ஆஸ்பத்திரிக்கு மலைய எறங்குனாரு. புள்ள உசுரோட திரும்பல. அவளுக்கு மடியில கைப்பிள்ள, போக முடியல. வழியில பாப்பா இன்னா சொல்லிச்சின்னு எத்தினியோ தடவ கேட்டிருக்கா. ஒண்ணும் சொல்லலன்னுடுவாரு.

"இன்னா சொன்னாரு?"

மஜீத் தயங்குனாரு. "நெல்லிக்கா கேட்டுச்சாமே தங்கச்சி. பறிச்சிக் கையில குடுத்தாராம். அம்மாவுக்குன்னு சொல்லி கைய மூடிக்கிச்சாமே. உங்களுக்குத் தெரியாதா?"

கீதாஞ்சலி ஃபோன எடுத்துச்சி. "ஐயா குரல்லயே இருக்குதும்மா. போடட்டுமா?"

"வேணாம்."

பாதித் தலைக்குத்தான் எண்ணெ வச்சிருந்தா. "அவரு பேச்செல்லாம் உங்களுக்குத்தான, நீங்களே வச்சி முடிங்க"ன்னு கிண்ணத்த கீதாஞ்சலி பக்கம் நகத்துனா. கையில மிச்சம் இருந்த எண்ணெய தன்னோட கணுக்கால்ல தேச்சிக்கினா.