பதினொண்ணு பி வகுப்பு மேடை

வரலாறு எடுக்கும் ஞானசிங் சார் நாலடி பதினோரு அங்குலம். பள்ளியில் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். பதினொன்றாம் வகுப்பில் அவரைவிடக் குள்ளமான பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அவரைக் காப்பாற்றி வந்தது, கரும்பலகைக்கு முன்னால் இருந்த முக்காலடி சிமெண்ட் மேடை.

அரசாங்கம் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்த வருஷம் தலைமையாசிரியை சத்தியபாய் ஆசிரியர்களைக் கூட்டினார்.

"எல்லா விவரமும் இப்போ பிள்ளையளுக்க கையில வந்தாச்சு. நாம முன்னால நின்னு வாசிச்சுக் குடுக்க வேண்டாம். வட்ட மேசை போடுவோம், அவங்களே தேடிக் கண்டுபிடிக்கட்டு. நாம கூட நடந்து கேள்வி கேட்டாப் போரும். மேடைய இடிச்சிரலாம்."

ஞானசிங் எழுந்தார். எழுந்ததாக எல்லாரும் நம்பிக்கொண்டார்கள்.

"மேடை இல்லாம பாடம் நடக்காது டீச்சர். சத்தம் கடைசி பெஞ்சுக்கு எத்தாது."

"வட்ட மேசையில கடைசி பெஞ்சு ஏது சார்?" என்றார் கம்ப்யூட்டர் டீச்சர் ஷைஜா. "அதும் ஒங்க சத்தம் சுசீந்திரம் பஸ்சுல இருக்கவனுக்கும் கேக்குமே."

கூட்டம் முடிந்ததும் அவர் தனியாகச் சத்தியபாயிடம் போனார்.

"பதினொண்ணு பி-யில மட்டும் மேடை கெடக்கட்டு டீச்சர்."

"எதுக்கு சார்?"

அவர் ஃபேனைப் பார்த்தார். "ஒரு மரியாதைக்கு."

சத்தியபாய் மேசையிலிருந்த குறிப்பேட்டை இழுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் அவருக்குப் பயமில்லை. காலையில் எழுந்து நின்று குட் மார்னிங் சொல்வார்களே, அந்த ஒரு நிமிஷம்தான். மேடை இருந்த தைரியத்தில், எழும்பாதவனை வெளியே நிறுத்தும் வழக்கத்தை அந்தப் பள்ளியில் கொண்டுவந்ததே அவர்தான். மேடை போய்விட்டால் நாற்பது பேருக்கு நடுவில் சார் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். லேப்டாப்பில் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

திங்கட்கிழமை மேடை இல்லை. வகுப்பு வாசலில் புது விதிகள் ஒட்டியிருந்தன. முதல் விதி: மேசையில் லேப்டாப்பும் வயரும் இருப்பதால், ஆசிரியர் வரும்போது யாரும் எழுந்து நிற்கக் கூடாது. கீழே சத்தியபாயின் கையெழுத்து.

இரண்டு தடவை வாசித்துவிட்டு உள்ளே போனார். பழக்கத்தில் ஜெனிலா பாதி எழுந்தாள்.

"இரி மக்கா. வயர் தட்டும்."

"சார், இது பேட்டரியில ஓடுது. வயரே இல்லியே."

"விதி விதிதாம்ட்டி. இரி."

ஜன்னலுக்கு வெளியே சத்தியபாய் இந்தப் பக்கம் பார்க்காமல் நடந்துபோனார். ஞானசிங் ஒரு நாற்காலியை இழுத்து ஜெனிலாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன தேடி எடுத்திருக்க, காட்டு."

குதிகால் தரையைத் தொடவில்லை. மேசைக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்.